அரணாக்கயிறு கட்டாத ஏழு

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று என் கணவர் சொல்வார். இல்லை என்று நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருத்திக்கு வேறு யார் வந்து கனம் சேர்க்கப்போகிறார்கள்? நாமே கொஞ்சம் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் ஜெயித்த கதை. நடுவில் நான் அசடு வழிந்த இடம் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப்போவதில்லை.

2006ஆம் வருடம் தை மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். சின்ன நீலக் கார், பெட்ரோல் வண்டி. அப்போது நாங்கள் சாரத்தில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் அதற்கு முன் கார் இருந்த வீடுகள் மூன்று, மூன்றிலும் ஓட்டியவர்கள் ஆண்கள். நான்காவது கார் என்னுடையது, ஓட்டியவள் நான். என் கணவருக்கு ஸ்கூட்டர் போதும். ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். நான் நாற்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கல்லூரிப் பையன்களோடு வரிசையில் நின்று, முதல் தடவையிலேயே தேறி லைசென்ஸ் வாங்கியவள். பாகூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஏர் ஓட்டிய குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் நாலு சக்கரத்தை ஓட்டிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

கார் வந்தது உப்பளத்தில் ஒரு சொல்தா வீட்டிலிருந்து. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வண்டியைப் புதிதாக வாங்கியவர் அந்த வீட்டுப் பெரியவர். நான் வாங்கும்போது அவர் ஊரில் இல்லை, பிரான்சில் மகளோடு தங்கிவிட்டார். கடைசி சில வருடங்கள் வண்டியை ஓட்டியவரும் எனக்கு விற்றவரும் அவருடைய தங்கை மகன்.

வண்டியைப் பார்க்கப் போனபோது நெல்லித்தோப்பில் கடை வைத்திருந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போயிருந்தேன். கைராசிக்காரர், வாய் கொஞ்சம் நீளம். என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அவர் பானெட்டைத் திறந்ததும் உள்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. நீல மையில் பிரெஞ்சில் ஒரு சொல், அதற்குக் கீழே ஒரு எண். தேதி இருந்திருக்க வேண்டிய மூலையை எண்ணெய் அரித்துவிட்டிருந்தது.

"குர்வான்னா பெல்ட்டு. டைமிங் பெல்ட் மாத்தின கணக்கு. மாமா எழுதி ஒட்டி வச்சது," என்றார் விற்றவர்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "எழுபத்திரண்டாயிரத்துல மாத்திருக்கு. மீட்டரு எழுபத்தொம்போது காட்டுது. அப்ப பெல்ட்டு இன்னும் கொழந்தக்கா."

நானும் குனிந்து பார்த்தேன். ஆமாம், எழுபத்திரண்டாயிரம் என்றேன்.

டைமிங் பெல்ட் என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இஞ்சினுக்குள் மேலே இருக்கிற வால்வும் கீழே இருக்கிற பிஸ்டனும் முறை தவறாமல் மாறி மாறி வந்து போகும்படி இரண்டையும் பிணைத்து ஓட்டுகிற பல் வைத்த ரப்பர் பட்டை அது. அறுபதாயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"சொல்லிட்டெல்லாம் அறாதுக்கா. சத்தம் போடாது, பொகை விடாது. ஓடிக்கினே இருக்கும்போது பட்டுனு போயிடும். வண்டி நடுரோட்டுல நின்னுடும். வால்வும் பிஸ்டனும் மோதி வளைஞ்சிடும். அப்பறம் இஞ்சின எடைக்குத்தான் போடணும்."

இதைக் கேட்டுவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டி வைத்த அந்தப் பெரியவரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

இனி என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளை வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. தாத்தாவின் பிறப்பை நிரூபித்தால் பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும் என்கிற நிலைமை எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. அவர்கள் மனு கொடுப்பார்கள், நாங்கள் பதிவேட்டைத் தேடி நகல் எடுத்துக் கொடுப்போம். எனக்குப் பிரெஞ்சு பேச வராது. ரொட்டிக் கடையில்கூட தமிழில்தான் கேட்பேன். ஆனால் அந்தக் கையெழுத்துகளைப் படிப்பேன். நூறு வருடத்துக்கு முந்தைய மை மங்கிய எழுத்தாக இருந்தாலும், கரையான் பாதி தின்ற தாளாக இருந்தாலும், படித்துவிடுவேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, தெரிந்த எழுத்தை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடித்து, நானாகக் கற்றுக்கொண்டது.

அதில் முதல் பாடம் எண்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று எழுதினால் நம்மைப் போல வெறும் கோடாக எழுதமாட்டார்கள். கீழேயிருந்து நீளமாக ஒரு கொம்பு இழுத்து, உச்சியில் மடக்கி, அப்புறம்தான் கீழே இறக்குவார்கள். நம் கண்ணுக்கு அது அச்சு அசலாக ஏழு. அப்படியானால் அவர்களுடைய ஏழு எப்படி இருக்கும்? ஏழு எழுதி அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு நான் வைத்த பெயர் அரணாக்கயிறு. கயிறு கட்டியிருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. அலுவலகத்தில் எல்லோரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் மட்டும், "ஏழுக்கு அரணாக்கயிறு கட்டற உத்தியோகத்துக்கு ஒரு சம்பளம், ஒரு பென்சன்" என்று கேலி செய்வார்.

அந்த வருடம் என் மகளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் சேர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வந்துவிட வேண்டும் என்று கடிதம் வந்தது. காரில் நானே ஓட்டிக்கொண்டுபோய் விடுகிறேன் என்று அறிவித்துவிட்டேன். அதுவரை நான் ஓட்டிய அதிகத் தூரம் கடலூர். ஆனாலும் மனதில் அந்தக் காட்சி எப்போதோ உட்கார்ந்துவிட்டது. என் காலத்தில் என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. என் பெண் கல்லூரிக்குப் போகும்போது அவள் அம்மா ஓட்டுகிற வண்டியில் போய் இறங்க வேண்டும். இந்த ஆசை எனக்கு வெறி மாதிரி இருந்தது. அவளும் தன் தோழிகளிடம் எல்லாம், "எங்கம்மாதான் ஓட்டிட்டு வராங்க" என்று சொல்லி வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய திங்கட்கிழமை வண்டியை நெல்லித்தோப்பில் விட்டேன். பிரேக், டயர், ரேடியேட்டர் எல்லாம் பார்த்தார் மெக்கானிக். பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன். "அதான் எழுதியே இருக்குதே. மாத்தி எட்டாயிரம் கிலோமீட்டரு ஓடியிருக்கும். திருச்சி என்னா, தில்லிக்கே ஓட்டிக்கினு போங்க," என்றார்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு மனு வந்தது. வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தரும் ஒருவர் எழுதிக்கொடுத்தது. அவரும் நானும் பதினைந்து வருடமாகச் சண்டை போட்டே சிநேகமாக இருப்பவர்கள். தாத்தாவின் பிறப்புச் சான்று கேட்கிறார் ஒரு பேரன், பழைய தாளில் உள்ளபடி பதிவு எண் எழுபத்தேழு என்று மனுவில் இருந்தது. பதிவேட்டை எடுத்து எழுபத்தேழைப் புரட்டினால், அங்கே வேறு ஏதோ வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மனுவோடு இணைத்திருந்த பழைய தாளைப் பார்த்தேன். கொம்பு வைத்த இரண்டு ஒன்றுகள். பதினொன்றை எழுபத்தேழாக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவரை உள்ளே கூப்பிட்டேன்.

"இன்னாங்க இது? பேரன் வந்து தாத்தாவக் கேட்டா, ஒரு பொம்பளப் புள்ளையத் தூக்கிக் கையில குடுக்கச் சொல்றீங்களா?"

"கண்ணு செரியாத் தெரியலம்மா."

"கண்ணுல என்னா இருக்கு? கவனம் இல்ல, அதான். எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? மொட்டையா இருந்தா ஒண்ணு, அரணாக்கயிறு கட்டியிருந்தாத்தான் ஏழு. கயிறு கட்டாத ஏழ இந்த எழுத்துல எங்கியாவது பாத்திருக்கீங்களா நீங்க?"

எங்கியாவது என்று கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் பார்த்திருக்கிறேன். ஏழு மாதமாக என் காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டிக்கரில் இருந்த எழுபத்திரண்டாயிரத்தின் ஏழுக்கு இடுப்பில் கோடே கிடையாது.

நான் பேச்சை நிறுத்திவிட்டதைப் பார்த்து அந்த மனிதர் பயந்துபோனார். தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை, நீங்கள் போங்கள், நாளைக்குத் திருத்திக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டு, சாப்பாட்டு இடைவேளை வரும்வரை உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் தாத்தாவின் விஷயத்தில் இத்தனை கறார் காட்டுகிற நான், என் சொந்த வண்டியில் கோட்டைவிட்டிருக்கிறேன். ஏன் என்று இப்போது தெரிகிறது. வண்டி நல்ல வண்டியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கண்ணும் அதற்கு ஒத்து ஊதிவிட்டது. அரிப்பெடுத்த மாதிரி அன்று முழுவதும் அந்த வெட்கம் என்னை விடவில்லை.

இடைவேளையில், அலுவலக வாசலில் நிறுத்தியிருந்த காருக்கு ஓடினேன். பானெட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். நீளக் கொம்பு, மடிப்பு, கீழே இறங்கும் கோடு. கயிறு இல்லை. ஆனால் என் தொழிலில் ஒரே ஒரு எழுத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. சிலருக்குக் கோடு போடுகிற பழக்கம் இருக்காது. இந்தக் கைக்காரர் ஏழை எப்படி எழுதுவார், ஒன்றை எப்படி எழுதுவார் என்பதற்குச் சாட்சி வேண்டும். டிக்கியைக் கிளறினேன். ஜாக்கி வைத்திருந்த கித்தான் பையின் மேல், வண்டி எண்ணை அதே கை எழுதி வைத்திருந்தது. எங்கள் வண்டி எண்ணில் ஒரு ஒன்றும் உண்டு, ஒரு ஏழும் உண்டு. நம்பர் பிளேட்டைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். பையில் இருந்த ஏழு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது. பையில் இருந்த ஒன்று, ஸ்டிக்கரில் இருந்த எழுத்தின் கூடப் பிறந்தது.

எழுபத்திரண்டாயிரம் இல்லை, பன்னிரண்டாயிரம். மீட்டர் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் பெல்ட் அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதன் மேல் என் பெண்ணை உட்கார வைத்து விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் என்று லாரிகளுக்கு நடுவே ஓட்டப் போகிறேன்.

உப்பளத்துக்குப் போன் செய்தேன். "மாமாதாங்க சர்வீஸ் எல்லாம் பாத்துக்குவாரு. எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்," என்றார் விற்றவர். மாமாவைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றேன். அவருக்கு இப்போது ஆள் அடையாளமே தெரிவதில்லை என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? பாவம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நேராக மெக்கானிக்கிடம் போனேன். அது ஏழு இல்லை, ஒன்று என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அக்கா, நல்லா ரோசன பண்ணிப் பாருங்க. பன்னெண்டாயிரத்துல எவனாச்சும் பெல்ட்டு மாத்துவானா? அறுபதாயிரம் ஓடற சாமான தூக்கிப்போட அவருக்கு இன்னா பைத்தியமா?"

நியாயமான கேள்வி. "ஏன் மாத்தினாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. எழுதினது ஒண்ணு. அது தெரியும்," என்றேன்.

அவர் பெல்ட்டின் மேல் மூடியை மட்டும் தளர்த்தி, டார்ச் அடித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரிந்த கையளவு பெல்ட் கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. "முழுசாப் பாக்கணும்னா பாதி இஞ்சினக் கழட்டணும். கழட்டினா புதுசுதான் போடணும். சாமான் சென்னைலேந்து வரணும், சனிக்கெழமைக்குள்ள வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். வரலைன்னா வண்டி இங்கியே பிரிஞ்சி கெடக்கும், நீங்க பஸ்ஸுலதான் போவணும். பேசாம திருச்சி போய்ட்டு வந்துடுங்க, வந்து மாத்திக்கலாம்."

வீட்டிலும் அதே தீர்ப்புதான். "தொழில் தெரிஞ்சவன் சொல்றான், கேளேன். நீ பாக்கறது பொறப்பு இறப்புக் கணக்கு. இஞ்சினுக்குமா சர்டிபிகேட் குடுக்கப்போற?" என்றார் கணவர். பஸ்ஸில் போக வேண்டியிருக்குமோ என்று மகள் முகம் சின்னதாகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை முழுவதும் எனக்கு இரண்டு பயம். என் கண்ணை நம்பி வண்டியைப் பிரித்து, பெல்ட் புதிதாக இருந்துவிட்டால், பெண்ணை அழைத்துப்போகிற ஆசையும் போச்சு, பதினைந்து வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்த பெருமையும் போச்சு. பிரிக்காமல் போய், வழியில் அது அறுந்துவிட்டால், பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு ஒன்றா ஏழா என்கிற கணக்கெல்லாம் கிடையாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரித்தாகிவிட்டது. சாட்சியும் பார்த்தாகிவிட்டது. பதிவேட்டில் இதே எழுத்து வந்திருந்தால் தயங்காமல் ஒன்று என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்தக் கையெழுத்தை நம்பி எவன் வீட்டுப் பிள்ளையோ கடல் தாண்டிப் போகலாம், என் பெண் மட்டும் அதை நம்பித் திருச்சி போகக்கூடாதா? இப்படி என்னை நானே கேட்டுக்கொண்டதும் சட்டென்று தெளிவாகிவிட்டது. அலுவலகத்திலிருந்தே மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"தம்பி, சாமானுக்குச் சொல்லிடுங்க. வண்டியக் கொண்டாந்து விடறேன்."

"அக்கா, பெல்ட்டு நல்லா இருந்துச்சின்னா நெல்லித்தோப்பு பூரா சொல்லிச் சிரிப்பேன்."

"தாராளமாச் சிரிங்க. இல்லன்னா நான் சாரம் பூரா சொல்லுவேன்."

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, சாமான் வரவில்லை. கணவர் பஸ்ஸுக்குச் சீட்டுப் போட்டுவிடட்டுமா என்று நாலு தடவை கேட்டார். நாலாவது தடவை நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்னைப் பஸ்ஸில் பார்சல் வந்துவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் வலதுபக்கச் சக்கரம் கழற்றியிருந்தது. மெக்கானிக் கீழே படுத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பெல்ட் வெளியே வந்தது. அவர் அதைக் கையில் வைத்து உள்பக்கமாகத் திருப்பினார். அப்புறம் சிரிக்கவில்லை. எழுந்து வெளிச்சத்துக்கு வந்தார். பற்களின் அடியில் வரிவரியாக வெடித்திருந்தது. ஓரிடத்தில் இரண்டு பல்லே இல்லை. மேல் மூடி வழியாக நாங்கள் பார்த்த பக்கம் மட்டும் யோக்கியம் மாதிரி இருந்திருக்கிறது. அவர் பெல்ட்டின் முதுகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அது தயாரான வருடம் சின்ன வெள்ளை எழுத்தில் தெரிந்தது.

"தொண்ணூத்தொம்போது," என்று அவரே படித்தார். விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஆமாக்கா. இந்த வண்டி தொண்ணூத்தஞ்சு மாடலு. அஞ்சி வருசம் ஆனதும், ரெண்டாயிரத்துல, இத வாங்கி மாத்தியிருக்காரு. பெருசு வண்டிய எடுக்கவே எடுத்திருக்காது, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போனதோட சரி. கிலோமீட்டரு ஆவலைன்னாலும் வருசம் ஆயிடுச்சேன்னு மாத்தியிருக்காரு. சொல்தா இல்ல? சட்டம்னா சட்டம்."

அவருக்கு ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. எனக்கோ பயம் இப்போதுதான் வந்தது. அந்த இரண்டு பல் இல்லாத இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இதை நம்பி ஏழு மாதம் ஓட்டியிருக்கிறேன். அப்புறம் பயம் இறங்கி, பெருமை ஏறியது. சும்மா ஏறவில்லை, பொங்கி ஏறியது. கரையான் தின்ற தாள்களுக்கு முன்னால் நான் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் என் பெண்ணுக்குக் காவலாக வந்து நின்ற மாதிரி இருந்தது. கடையில் நாலு பேர் பார்க்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"எத்தினி இஞ்சினப் பாத்திருக்கேன். இத நான் படிக்கலியேக்கா," என்றார் மெக்கானிக். அதைச் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும். நானும் முதலில் தப்பாகத்தான் படித்தேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். நெல்லித்தோப்பில் சொல்லிச் சிரிக்க அவர் வாய்க்கு அது போதும். நான் சொன்னபடியே சாரம் பூரா சொன்னேன்.

மூன்று மணிக்குள் புதுப் பெல்ட்டும் அதை இழுத்துப் பிடிக்கிற சின்ன உருளையும் மாட்டி முடித்தார். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ஸ்டிக்கரையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க. இனிமே நான் எழுத மாட்டேன்," என்றார். தமிழில் டைமிங் பெல்ட் என்று எழுதி, தேதியும் கிலோமீட்டரும் போட்டேன். ஒன்று வந்த இடத்தில் நேராக ஒரு கோடு, ஏழு வந்த இடத்தில் இடுப்பில் கயிறு. எனக்கு அப்புறம் இந்த வண்டியை யார் வாங்கினாலும் ஏமாறக்கூடாது. பழைய பெல்ட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தேன். கணவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போய் வண்டியின் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மகள் முன்னால் என் பக்கத்தில், கணவர் பின்னால் பக்கெட்டு, பாய், பெட்டிகளுக்கு நடுவில். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் மண் பாதையில் இறக்கிவிட்டார்கள். தூசியில் லாரியின் பின்விளக்கு மட்டும் தெரியும். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு பால் லாரிக்காரன் என்னை ஒதுக்கப் பார்த்தான், நான் ஒதுங்கவில்லை. பின் சீட்டிலிருந்து, "மெதுவாம்மா" என்று ஒரே ஒரு குரல் வந்தது, அவ்வளவுதான். மகள் பாட்டை நிறுத்திவிட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். "நல்லா ஓடுதும்மா," என்றாள். ஓடாமல் என்ன செய்யும் என்றேன்.

இரண்டு மணிக்குத் திருச்சி விடுதி வாசலில் போய் நிறுத்தினேன். காவலாளி ஒரு நீளமான நோட்டோடு வந்தார். பின்கதவு வழியாக இறங்கிய என் கணவரிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"வண்டி நம்பரு, டிரைவர் பேரு எழுதிட்டு உள்ள போங்க சார்."

கணவர் நோட்டை வாங்கவில்லை. "டிரைவர் அவங்க," என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

காவலாளி என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டைக் கொண்டுவந்து தந்தார். பானெட் மேல் வைத்து எழுதினேன். வண்டி எண், என் பெயர், வந்த நேரம். அவர் நோட்டைத் திருப்பி வாங்கிப் படித்தவர், முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, ஏழ அடிச்சிட்டீங்க? அடிச்சா பக்கத்துல திருப்பி எழுதணும். வார்டன் கேப்பாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, கூட நின்றிருந்த நாலைந்து பெற்றோர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அடிக்கலங்க, அது அரணாக்கயிறு. எங்க வீட்டுல கயிறு கட்டாத ஏழ நம்ப மாட்டோம்."

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என் கணவர் அப்படியே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். தலைக்கனம் எனக்குத்தான் அதிகமாம்.